பிரெஞ்சில் ‘யாரு?’ன்னு கேட்பது எப்படி?

நம்ம தருமபுரியில இருந்து அரூர், திருவண்ணாமலை வழியா போனா புதுச்சேரி. 1954 நவம்பர் 1-ல் அதன் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ல் சட்டப்படியும் இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்னிக்கும் அங்கே இருக்காங்க. அதனால பிரெஞ்சு நமக்கு ரொம்ப அந்நியம் இல்லை. இந்த எபிசோடில் ஒரே ஒரு சொல்: ‘கி’. அர்த்தம், யார்.

தமிழ்ல யார், யாரை, யாருக்குன்னு சொல்லோடயே உருபு ஒட்டிக்குது. அதனால வார்த்தைகளை இடம் மாத்திப் போட்டாலும் அர்த்தம் கெடாது. பிரெஞ்சு ‘கி’ அப்படி உருபு ஏற்காது. பின்னாடி வர்ற துண்டுதான் வேலையைப் பிரிக்குது.

‘கி எஸ் கி அப்பெல் மரி?’ என்றால், மரியைக் கூப்பிடுறது யாரு?

‘கி எஸ் கெ மரி அப்பெல்?’ என்றால், மரி யாரைக் கூப்பிடுறா?

முதல் ‘கி’, கேள்வி ஒரு ஆளைப் பற்றியதுன்னு காட்டுது. அடுத்த துண்டு ‘கி’ன்னா அந்த ஆள் எழுவாய், ‘கெ’ன்னா செயப்படுபொருள். எழுவாயாக வரும்போது வினை எப்பவும் ஒருமைதான். பத்து பேர் வந்திருந்தாலும், ‘யாரு வந்திருக்காங்க’ன்னு பன்மையில கேட்க முடியாது.

‘யாருக்கு’ன்னா ‘ஆ கி’, ‘யாரோட’ன்னா ‘அவெக் கி’. நமக்குப் பின்னாடி ஒட்டுறது அங்கே முன்னாடி வந்து நிக்குது.

இப்போ சிக்கலான இடம். உயிரெழுத்து ஒலிக்கு முன்னாடி ‘கெ’ தன் உயிரை இழந்து வெறும் ‘க்’ ஆயிடும். பாரிஸ் விமான நிலையத்துல ஒருத்தர் நிற்கிறார்னு வைங்க. ‘கி எஸ் கிலத்தான்?’ன்னு ஒரு கேள்வி காதுல விழுது. ‘இவர் யாருக்காகக் காத்திருக்கார்?’னும் எடுத்துக்கலாம், ‘இவருக்காக யாரு காத்திருக்காங்க?’ன்னும் எடுத்துக்கலாம். எழுத்துல ரெண்டும் வேற வேற, காதுக்கு ஒண்ணேதான். தப்பாப் புரிஞ்சா, கூட்டிட்டுப் போக வந்தவரை வந்து இறங்கினவர்னு நினைச்சுப்போம்.

இதுக்கு வழி, ‘இவர்’ங்கிற இடத்துல பெயரைப் போடுறது. ‘கி எஸ் கெ முருகன் அத்தான்?’ன்னா முருகன் காத்திருக்கார். ‘கி எஸ் கி அத்தான் முருகன்?’ன்னா முருகனுக்காக வேற யாரோ காத்திருக்காங்க. பெயர் வந்ததும் ‘கி’, ‘கெ’ ரெண்டும் காதுலயே பிரிஞ்சிடும். உங்க வீட்டுப் பெயர்களைப் போட்டு அஞ்சு கேள்வி சத்தமா கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.