அப்ரூவல் முத்திரை எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை?

வீடு கட்டலாம் என்று சொந்தத்தில் யாராவது பேச்சை எடுத்தால் போதும், சிவில் படிக்கிற பிள்ளை பக்கம்தான் எல்லார் தலையும் திரும்பும். "நீதான் இஞ்சினியராச்சே தம்பி, பிளான் அப்ரூவல் எப்படி வாங்குறது?" என்று சித்தப்பா கேட்பார். நாமோ பீமுக்கும் ஸ்லாபுக்கும் பக்கம் பக்கமா கணக்குப் போட்டிருப்போம். அனுமதி விதிகள் ஏதோ ஒரு யூனிட்டின் கடைசியில் வந்திருக்கும், பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிச்சு மறுநாளே மறந்திருப்போம். மெக்கானிக்கல், ஐ.டி. நண்பர்களே, நீங்களும் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க. 20 வருஷம் வீட்டு லோன் கட்டப்போறது நீங்களும்தான்.

முதலில் யார்கிட்ட போகணும்? சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சிஎம்டிஏ, மற்ற ஊர்களுக்கு டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். இவை பார்ப்பது திட்ட அனுமதி. அதாவது, இந்த இடத்தில் இந்த உபயோகத்துக்கு இவ்வளவு பெரிய கட்டடம் வரலாமா என்பது. அதற்கு மேல் கட்டட அனுமதி என்று ஒன்று இருக்கு, அதைத் தருவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. சின்ன வீடுகளுக்கு இரண்டையும் உள்ளாட்சியிலேயே முடிக்கிற மாதிரி அதிகாரம் பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. விண்ணப்பம் இப்போ ஆன்லைன், ஒற்றைச் சாளர போர்ட்டல். ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலைந்த காலம் பெரும்பாலும் போயிடுச்சு. புரோக்கர்கள் மட்டும் போகவில்லை, அவங்களும் ஆன்லைனுக்கு வந்துட்டாங்க.

விதிப் புத்தகம் ஒன்றுதான்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. ஒரு உதாரணத்தோட பார்த்தால் பயம் போயிடும். 30க்கு 40 அடி மனை, அதாவது 1200 சதுர அடி, நம்ம ஊர்க் கணக்கில் அரை கிரவுண்டு. முன்னால் 20 அடி ரோடு. எஃப்.எஸ்.ஐ. 2 என்பதால் எல்லா மாடியும் சேர்த்து 2400 சதுர அடி வரை தளப்பரப்பு வரலாம். ஆனால் 9 மீட்டருக்கு உட்பட்ட ரோடு என்றால் முன்பக்கம் 1.5 மீட்டர், கிட்டத்தட்ட 5 அடி, காலியா விடணும். 30 அடி அகலத்துக்கு 5 அடி என்றால் 150 சதுர அடி, மனையில் எட்டில் ஒரு பங்கு. பக்கவாட்டு இடைவெளி தனி.

காகிதத்தில் இது சுலபம். கட்டும்போதுதான் வீட்டுக்காரருக்கு அந்த 150 சதுர அடி உறுத்த ஆரம்பிக்கும். "சும்மாதானே கிடக்கு, ஒரு போர்டிகோ போட்டுடலாம்" என்பார். அடுத்து மாடிப்படி வெளியே வரும். படிக்குக் கீழே ஒரு பாத்ரூம். கடைசியில் காம்பவுண்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒண்ணாயிடும். அந்தக் காலி இடம் சும்மா கிடக்கிறதில்லைங்க. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் காற்று வருவது அதில். தீப்பிடித்தால் ஆள் ஏணியோட நுழைவது அதில். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழி உட்காருவதும் பெரும்பாலும் அதில்தான்.

அப்ரூவல் ஏன் இழுக்குது என்று கேட்பீங்க. லஞ்சம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிட்டுப் போவது நம்ம பழக்கம். அது இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் திரும்பி வரும் ஃபைல்களில் பலவற்றில் கோளாறு காகிதத்திலேயே இருக்கும். பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் வேறு அளவு, புலப்படத்தில் மூன்றாவது அளவு. டேப் பிடித்து அளந்தால் நாலாவது. பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும். மனை அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் இருக்கும். அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்ய 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்டு, அதற்கப்புறம் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது ஒரு தனிக் கதை. சித்தப்பாவுக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி பிளான் வரைவது இல்லை. பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று நாலையும் ஒரே மேஜையில் பரப்பி, பேரும் அளவும் சர்வே எண்ணும் பொருந்துதான்னு பார்ப்பது. அதிலேயே பாதி அலைச்சல் மிச்சம்.

சரி, அப்ரூவல் வந்தாச்சு. வரைபடத்தில் முத்திரை விழுந்தாச்சு. இனிமேல் கட்டடம் பத்திரம் என்று அர்த்தமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமா படிங்க. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், போரூர் பக்கம் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் அப்படியே இடிந்து உட்கார்ந்தது. 61 பேர் செத்துப்போனாங்க, பெரும்பாலும் அங்கேயே வேலை பார்த்த கூலித் தொழிலாளர்கள். இடி விழுந்ததால்தான் சரிந்தது என்றுகூட அப்போ ஒரு பேச்சு கிளம்பியது. நீதிபதி ரெகுபதி ஆணையம் விசாரித்தபோது பேச்சு தூண்களின் டிசைன் பக்கம் திரும்பியது, சுமையைத் தாங்கும் அளவுக்கு அவை இல்லை என்பதாக. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தையும் நம்ப முடியாமல், 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் முடிந்துபோன அந்த வீடியோவை நம்மில் பாதிப் பேர் ஸ்கூல் படிக்கும்போது டிவியில் பார்த்திருப்போம்.

முக்கியமான விஷயம், அது அனுமதி இல்லாமல் கட்டியது இல்லை. திட்ட அனுமதி வாங்கிய கட்டடம். அப்போ அனுமதி கொடுத்தவங்க என்ன பார்த்தாங்க? திட்ட அனுமதி என்ன பார்க்குமோ அதைத்தான்: நில உபயோகம், ரோடு அகலம், உயரம், எஃப்.எஸ்.ஐ., இடைவெளி, பார்க்கிங். தூணில் எத்தனை கம்பி, மண்ணின் தாங்குதிறன் எவ்வளவு என்பதெல்லாம் ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரும் கட்டுபவரும் பொறுப்பேற்கிற சங்கதி. அவங்க ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போடுறாங்க, அந்தக் கையெழுத்தை நம்பி முத்திரை விழுது. முத்திரை கட்டடத்தைச் சுற்றியுள்ள காலி இடத்துக்கு. நிற்குமா என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கையெழுத்துதான். 2019 விதிகளில் ஆர்க்கிடெக்ட், இஞ்சினியர், ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர், ஜியோடெக்னிக்கல் இஞ்சினியர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிவு வைத்திருப்பது, எந்தப் பொறுப்பு யாருடையது என்பது காகிதத்திலாவது தெளிவாக இருக்கட்டும் என்றுதான்.

ஆய்வு என்கிற பகுதிக்கு வருவோம். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சின்ன வீட்டுக்குக்கூட, அடித்தளத்துக்குக் கம்பி கட்டி முடிச்சதும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னாடி, நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். அப்புறம் சுவருக்குள் போகிற ஒயரும் பைப்பும் மூடப்படும் முன் இன்னொரு தடவை. மூடின பிறகு எதுவும் தெரியாது என்ற எளிய காரணம்தான். நம்ம ஊரில் பெரிய கட்டடங்களுக்கு பேஸ்மட்டம் எழும்பியதும் ஒரு ஆய்வு உண்டு, கடைசியில் நிறைவுச் சான்றிதழுக்கு ஒரு ஆய்வு உண்டு. இரண்டிலும் டேப்புதான் பேசும்: வரைபடத்தில் உள்ள இடைவெளி இருக்கா, மாடி எண்ணிக்கை சரியா, பார்க்கிங்கை மறைத்துக் கடை வந்திருக்கா. பூசி முடித்த தூணுக்குள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிற கண் எந்த அதிகாரிக்கும் கிடையாது.

சின்னக் கட்டடங்களுக்கு இந்த ஆய்வும் குறைஞ்சுக்கிட்டே வருது. 14 மீட்டர் உயரம், 8 வீடு, 750 சதுர மீட்டர் என்ற வரம்புக்குள் இருக்கிற குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழே வேண்டாம் என்று 2024இல் தளர்த்திட்டாங்க. அதே வருஷம் ஜூலை 22ஆம் தேதி சுயசான்று முறை தொடங்கியது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி, 7 மீட்டருக்குள் உயரம் என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டியதும் அனுமதி. கட்டுவதற்கு முன் யாரும் வந்து பார்க்கமாட்டாங்க, முடிஞ்ச பிறகும் நிறைவுச் சான்று தேவையில்லை. விதிப்படி கட்டுவேன் என்பது உங்கள் வாக்கு, அவ்வளவுதான்.

எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கும். அரை கிரவுண்டில் வீடு கட்டுகிற குடும்பத்தை மாசக்கணக்கில் நடக்க வைப்பதில் யாருக்கும் லாபமில்லை, நடுவில் நிற்கிறவரைத் தவிர. ஆனால் ஒன்றை ஒத்துக்கணும். அரசாங்கத்தின் கண் எடுக்கப்பட்ட இடத்தில் வேறு கண் எதுவும் வைக்கப்படவில்லை. அங்கே மிச்சம் இருப்பது வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற இஞ்சினியர் மட்டும். இன்னும் சில வருஷத்தில் அது நீங்கள்.

அதனால்தான் கையெழுத்து வாடகையைப் பற்றிப் பேசணும். ஊர் ஊருக்கு இது உண்டு என்பது சைட் பக்கம் போன சீனியர்களுக்குத் தெரியும். பிளான் வரைந்தது ஒருத்தர், கட்டுவது மேஸ்திரி, கையெழுத்துப் போட்டவர் சைட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒரு வரைபடத்துக்கு இவ்வளவு என்று ரேட். "சும்மா ஒரு சீல் வச்சுக் கொடுப்பா, சின்ன வீடுதானே" என்று உங்களிடமும் வருவாங்க. வருவது பெரும்பாலும் தெரிந்தவங்களாத்தான் இருக்கும், அதுதான் சங்கடம். பதிவுக்குப் படிப்போட அனுபவமும் கேட்பதால் டிகிரி வாங்கிய மறுநாளே இந்தச் சோதனை வராது. வரும்போது ஒரு கேள்வி கேளுங்க: "கான்கிரீட் போடுற அன்னைக்கு என்னைக் கூப்பிடுவீங்களா அண்ணா?" கூப்பிடமாட்டேன் என்கிறவருக்கு வேண்டியது உங்கள் பேர் மட்டும், கட்டடம் விழுந்தால் அவர் காட்டப்போவதும் அதே பேர்தான்.

கூப்பிட்டால் என்ன பார்க்கிறது? கவர் பிளாக் முதலில். ஐ.எஸ். 456இன் படி தூணுக்கு 40 மில்லிமீட்டர், ஃபுட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர் கவர் வேணும். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்து வைப்பதைச் சைட்டில் நிறையப் பார்க்கலாம், அது நகர்ந்தால் கம்பி ஷட்டரைத் தொட்டுக்கொண்டு நிற்கும், கடல்காற்று ஊரில் சில வருஷத்தில் துரு வெடித்துக் காரை உதிரும். அப்புறம் தூண் ரிங்குகளின் கொக்கி. 135 டிகிரிக்கு உள்ளே மடங்கணும், சோம்பலில் 90 டிகிரியில் விட்டுடுவாங்க. சென்னையை 2002ஆம் வருஷக் கோட்பாட்டில் நிலநடுக்க மண்டலம் மூன்றுக்கு ஏற்றியது தெரியாமலேயே பல ஊர் மேஸ்திரிகள் பழைய பழக்கத்தில் கம்பி வளைக்கிறாங்க. மிக்ஸரில் தண்ணி கூட ஊற்றுவதை நிறுத்துங்க, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. கியூப் எடுத்துத் தேதி எழுதி வைங்க, 28ஆம் நாள் லேப் ரிசல்ட்டை ஃபைலில் சேருங்க. எல்லாத்தையும் போட்டோவா எடுங்க, தூண் நம்பர் தெரிகிற மாதிரி. கான்கிரீட்டுக்குப் பிறகு உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

வீடு வாங்கப்போகிறவங்களுக்கும் ஒரு தகவல். 2024 டிசம்பர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் நாடு முழுக்கப் பொருந்தும் உத்தரவுகள் போட்டது. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமானம் முடியும்வரை சைட்டில் காட்சிக்கு வைக்கணும், அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு பண்ணிப் பதிவு வைக்கணும், நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே கரன்ட், தண்ணீர் இணைப்பு, வங்கிகளும் அதைப் பார்த்தே கடன் தரணும் என்பதாக. நிறைவுச் சான்று தேவைப்படுகிற அடுக்குமாடியில் ஃப்ளாட் பார்க்கப் போனால், மாடல் கிச்சனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அனுமதி எண்ணையும் வரைபடத்தையும் கேளுங்க. மாடிகளை எண்ணுங்க. வரைபடத்தில் இருப்பதைவிட ஒரு மாடி கூட இருந்தால், அது "அப்புறமா ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்று சொல்லப்படும் மாடி. 1971ஆம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, இந்த ஒரு தடவை மட்டும் என்றுதான் வரன்முறையை ஆரம்பிச்சாங்க. அதற்கப்புறம் 113-சி வந்தது.

அடுத்த இன்டர்ன்ஷிப்பில் சைட்டுக்குப் போனதும் வாசலில் அந்த வரைபடம் மாட்டியிருக்கான்னு பாருங்க. இல்லை என்றால் சைட் ஆபீஸில் கேளுங்க. ரோலைத் தேட எவ்வளவு நேரம் எடுக்கிறாங்க என்பதையும் நோட்டில் குறிச்சுக்கோங்க, ரிப்போர்ட்டில் எழுத உபயோகப்படும்.