கதவுக் கண்ணாடி உடைந்தால் கணக்கைப் பாருங்கள்

வசூலுக்கும் கொள்முதலுக்கும் நம்மில் பலர் ஸ்கார்பியோ, சஃபாரி போன்ற பெரிய வண்டிகளில் செல்கிறோம். அவற்றின் பக்கக் கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு வகை. உடைந்தால் கல்கண்டாக உதிரும். ஒட்ட முடியாது, மாற்றியே ஆகவேண்டும். கதவின் உள்ளே விழுந்த தூளை முழுவதும் எடுத்தார்களா என்று நின்று பாருங்கள். மிச்சமிருந்தால் புதுக் கண்ணாடியில் கீறல் விழும்.

முழு இன்சூரன்ஸ் உள்ள வண்டியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ஆனால் 1500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டிக்கு முதல் 2000 ரூபாய் நம் பொறுப்பு. போனஸ் பாதுகாப்பு எடுக்காதிருந்தால், சொந்த சேத பிரீமியத்தில் கிடைக்கும் 20 முதல் 50 சதவீத நோ கிளைம் போனஸும் அடுத்த ஆண்டு போய்விடும். வரவையும் இழப்பையும் எழுதிப் பார்த்தபின் கிளைம் கேட்போம். சில்லறையைப் பிடிக்க நோட்டை விடுவது வியாபாரிக்கு அழகல்ல.