பிக்சலைக் குறைக்காதீர்கள், அங்குலத்தைக் குறையுங்கள்

மென்பொருள் கையேடுகள் பலவற்றில் எழுத்துகள் கூர்மையாக அச்சாகியிருக்கும். அருகிலிருக்கும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் மங்கிப்போயிருக்கும். பழியை அச்சகத்தின் மேல் போடுகிறோம். பெரும்பாலும் படம் அச்சகத்துக்குப் போகுமுன்பே, பக்கத்தில் அடக்குவதற்காக அதைச் சிறிதாக்கியவர் கையிலேயே கெட்டுவிடுகிறது.

800 பிக்சல் அகலமுள்ள ஒரு விண்டோவை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் வழக்கப்படி அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கிட்டால் அதன் அகலம் 8.3 அங்குலம், ஏ4 தாளின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். 6 அங்குலப் பத்திக்குள் கொண்டுவர, பலரும் அதை 576 பிக்சலாகக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது மென்பொருள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதியவற்றை உண்டாக்குகிறது. புகைப்படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டிலோ ஓர் எழுத்தின் கோடே ஒரு பிக்சல் தடிமன்தான் இருக்கும். அதை முக்கால் பிக்சலாக்க வழியில்லாததால் கோடு சாம்பலாகக் கரைகிறது. தமிழ்த் திரையாக இருந்தால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. இதற்குப் பதிலாக 800 பிக்சலையும் அப்படியே விட்டுவிட்டு, அங்குலத்துக்கு 133 பிக்சல் என்று அடர்த்தியை மட்டும் மாற்றினால் படம் 6 அங்குலத்தில் அடங்கிவிடும், எதுவும் தொலையாது. கையேடு தயாரிக்கும் மென்பொருளான ஃபிரேம்மேக்கர் படத்தைச் சேர்க்கும்போதே இந்த அடர்த்தியைக் கேட்டுவிடுகிறது. வேர்டில் படத்தின் மூலையைப் பிடித்து இழுப்பதும் இதே வேலைதான்.

அச்சுக்கு 300 வேண்டுமே, 133 எப்படிப் போதும் என்பார்கள். அந்த 300 புகைப்படத்துக்கான வழக்கம். அதை எட்டுவதற்காக 800 பிக்சலை 1800 ஆக உப்பவைத்தால், கூடுதலாக வரும் ஆயிரமும் மென்பொருளின் ஊகமே. அச்சகம் பிடிவாதம் பிடித்தால், கலக்காமல் ஒவ்வொரு பிக்சலையும் அப்படியே மும்மடங்காக்கிக் கொடுக்கலாம். கோப்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் ஜேபெக்குக்கு மாறுவதும் வீண். அது படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தோரங்களில் அழுக்குப் படிகிறது. ஒரே நிறப் பரப்புகள் நிறைந்த திரையைப் பிஎன்ஜி எதையும் இழக்காமலே நன்றாகச் சுருக்கும்.

வலுவான மறுப்பு வேறொன்று: பிக்சலை நெருக்கினால் எழுத்து பொடியாகிவிடாதா? ஆகும். 12 பிக்சல் உயர எழுத்து 133 அடர்த்தியில் ஆறரை புள்ளி (பாயின்ட்) அளவுக்கு வரும், சிரமப்பட்டாவது படிக்கலாம். 1920 பிக்சல் முழுத்திரையை அதே 6 அங்குலத்தில் திணித்தால் மூன்று புள்ளிகூடத் தேறாது. ஆனால் இது படம் எடுத்த பிறகு தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல. எடுக்கும் முன்பே விண்டோவை இழுத்துச் சிறிதாக்க வேண்டும். பயனர் பார்க்க வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். கையேடு முழுவதற்கும் ஒரே அடர்த்தியை வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தில் பூதமாகவும் மறுபக்கத்தில் எறும்பாகவும் பட்டன்கள் தெரியாது.

வேர்டில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேமிக்கும்போது படங்களைத் தானாகவே, வழக்கமாக 220 அடர்த்திக்கு, அது குறைத்துவிடக்கூடும். மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய், முதல் படத்தைச் சேர்க்கும் முன்பே அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிடுங்கள். சேமித்தபின் இழந்த பிக்சல்கள் திரும்ப வராது.