படகின் விளிம்பில் மரமா, பிளாஸ்டிக்கா?

சிறிய பாய்மரப் படகுகள் பலவற்றின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. ஆயினும் விளிம்புச் சட்டங்களைத் தேக்கு மரத்தில் அமைப்பதுண்டு. வெயிலும் உப்புநீரும் பட்டு அம்மரம் வெளிறி வெடிக்கிறது. அழகு கெடுவது மட்டுமன்று. தளர்ந்த திருகாணித் துளைகள் வழியே நீர் இறங்கினால், தளத்தினுள் இருக்கும் மரமும் நம் கண்ணுக்குத் தெரியாமலே அழுகிவிடும்.

இதற்கு மாற்று, அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன். 1953இல் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் சீக்லர் கண்ட முறையால் உருவான பிளாஸ்டிக் இது. நீரில் ஊறாது, வார்னிஷ் வேண்டியதில்லை, தச்சுக் கருவிகளாலேயே அறுக்கலாம். வெயிலைத் தாங்கும்படி செய்த பலகையையே நாம் வாங்க வேண்டும்.

ஆனால் இதை மரமென எண்ணிப் பொருத்தலாகாது. சாதாரணப் பசை இதில் ஒட்டாது. துருப்பிடிக்காத திருகாணிகளே வேண்டும். வெப்பம் 20 பாகை செல்சியஸ் ஏறினால், 2 மீட்டர் சட்டம் 4 மில்லிமீட்டருக்கு மேலும் நீளலாம். ஆகவே சட்டத்தின் துளைகளைச் சற்று நீள்வட்டமாக இடுவோம். முனைகளிலும் இடைவெளி விடுவோம். இல்லையேல் சட்டம் வளைந்து, திருகாணிகளைப் பிடுங்கிவிடும். எளிதில் வளையும் பொருளாதலால், சுக்கான் பிடிக்கு இது உதவாது.

பழைய சட்டத்தை எறிந்துவிடாமல் அளவுக்கு வைத்துக்கொள்வோம். அதைக் கழற்றியதும் தளத்தைத் தட்டிப் பார்ப்போம். ஓசை மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரமோ அழுகலோ இருக்கலாம். அழுகியதை அகற்றி, நன்கு உலரவிட்டு, பழைய துளைகளை எபாக்சியால் அடைத்த பின்னரே புதிய சட்டத்தைப் பொருத்த வேண்டும்.