மென்பந்தாட்டத்தில் தள நடுவர் நிற்கும் இடம்

திடலில் ஓடுபவரையும் பந்தெறிபவரையும் எல்லாரும் பார்க்கின்றனர். நடுவரைப் பார்ப்போர் சிலரே. ஆயின், அவர் தீர்ப்புக் கூறிய மறுகணமே எல்லார் பார்வையும் அவர்மீது பாய்கின்றது. "நடுவருக்குக் கண் தெரியவில்லையா?" என்ற குரலும் எழுகின்றது. கண் நன்கு தெரிந்தாலும், நின்ற இடம் தவறாயின் உண்மை புலப்படாது. மென்பந்தாட்டத்தில் தள நடுவர் எங்கே நிற்கின்றார், ஏன் அங்கே நிற்கின்றார் என்பதை மாணவர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி, ஈண்டுச் சில செய்திகளை எடுத்துரைக்கின்றோம்.

ஆட்டத்தின் அமைப்பு

மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு கூடத்தினுள் ஆடும் ஆட்டமாகத் தோன்றியது. 1996ஆம் ஆண்டில் பெண்களுக்கான மென்பந்து ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. அணிக்கு ஒன்பது பேர். சதுர வடிவக் களத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள்ளன. ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 60 அடி, அஃதாவது 18 மீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவு. பந்தை அடித்தவர் தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்திற்கே மீண்டால் ஓர் ஓட்டம் கிட்டும்.

நடுவர் இருவர் பணிபுரியும்போது, ஒருவர் பந்தடிப்பவருக்குப் பின்னால் நிற்பார். அவர் தலைமை நடுவர். மற்றவர் தள நடுவர். மூன்று தளங்களிலும் நிகழ்வனவற்றுள் பெரும்பாலானவை தள நடுவரின் பொறுப்பே.

அண்மையினும் கோணமே சிறந்தது

மிக அருகில் சென்றால் நன்றாகத் தெரியும் என்று நாம் எண்ணுகின்றோம். அஃது எப்போதும் உண்மையன்று. தோட்டங்களில் ரப்பர்ப் பால் நிறுத்தோர் இதனை அறிவர். தராசு முள்ளை நேர்நின்று பார்த்தால் ஓர் எடை தெரியும்; பக்கத்திலிருந்து பார்த்தால் வேறோர் எடை தெரியும். முள் மாறவில்லை, பார்த்தவர் நின்ற இடமே மாறியது.

தள நடுவர் பந்து, பந்தைப் பிடிப்பவர், ஓடுபவர், தளம் ஆகிய நான்கையும் ஒரே பார்வையில் காணுதல் வேண்டும். முதல் தளத்திற்குப் பந்து எறியப்படும்போது, பந்து வரும் வழிக்குச் செங்கோணமாக, தளத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் தள்ளி நிற்பார். அங்கே அவருடைய கண் தளத்தின்மீது இருக்கும். காது கையுறையில் பந்து விழும் ஓசைக்குக் காத்திருக்கும். கால் முன்னரா, ஓசை முன்னரா என்பதே வினா. ஓடுபவரைப் பந்தால் தொட்டு ஆட்டமிழக்கச் செய்யும் வேளையிலோ, இன்னும் நெருங்கி, ஏறத்தாழ மூன்று மீட்டருக்குள் வருவார். கையுறைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இடைவெளி தெரியும் பக்கமாக நிற்பார்.

எப்போது எங்கே?

தளங்களில் எவரும் இல்லையேல், தள நடுவர் முதல் தளத்திற்குப் பின்னால், எல்லைக் கோட்டிற்கு வெளியே நிற்பார். முதல் தளத்தில் ஓட்டக்காரர் இருப்பின், முதல் தளத்திற்கும் இரண்டாம் தளத்திற்கும் இடையே, சதுரத்திற்கு வெளியே நிற்பார். இரண்டாம் தளத்திலோ மூன்றாம் தளத்திலோ ஓட்டக்காரர் இருப்பின், அவ்விரு தளங்களுக்கும் இடையே நிற்பார். எங்கு நின்றாலும் ஆட்டக்காரரின் பார்வையை மறைத்தல் ஆகாது. பந்து வீசுபவரின் கையைவிட்டு நீங்குமுன் ஓட்டக்காரர் தளத்தைவிட்டு அகன்றால், அவர் ஆட்டமிழப்பார். இதனைக் கண்காணிப்பதும் தள நடுவரின் கடமையே.

பந்து அடிக்கப்பட்டதும் அவர் நகரும் முறையை எளிதில் நினைவிற் கொள்ளலாம். பந்து சதுரத்தின் உள்ளே நின்றால் நடுவர் வெளியே. பந்து வெளிக்களத்திற்குச் சென்றால் நடுவர் உள்ளே. இவ்வாறு நகர்ந்தால் அந்நான்கும் அவர் கண்முன் நிற்கும். எறியப்படும் பந்திற்கும் அவர் குறுக்கே நிற்கமாட்டார். ஓடிக்கொண்டே தீர்ப்புக் கூறுதலும் கூடாது. ஓடும்போது கண்ணும் ஆடும். நின்று, பார்த்து, பந்து கையுறையில் நிலைத்ததை உறுதி செய்த பின்னரே கையை உயர்த்துதல் வேண்டும்.

ஒரு நடுவரின் வரலாறு

இத்தனையும் கற்றுத் தேர்ந்தவர்க்கும் பிழை நேர்வதுண்டு. மென்பந்தின் உடன்பிறப்பான பேஸ்பால் ஆட்டம் ஒன்று, 2010ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடைபெற்றது. அர்மாண்டோ கலராகா என்னும் பந்து வீச்சாளர், எதிரணியினர் 26 பேரை, ஒருவரையும் தளம் எட்டவிடாமல் தொடர்ந்து ஆட்டமிழக்கச் செய்தார். இன்னும் ஒருவரே எஞ்சினார். அவரும் முதல் தளத்தை அடையுமுன் பந்து வந்து சேர்ந்தது. ஆயினும், நெடுநாள் அனுபவமுள்ள தள நடுவர் ஜிம் ஜாய்ஸ், 'தப்பினார்' என்று கைகளை விரித்துவிட்டார். அரிய சாதனை ஒன்று கைநழுவியது.

ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்த ஜாய்ஸ், தம் பிழையை ஒளிக்கவில்லை. கலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். கலராகாவோ சினங்கொள்ளவில்லை. மறுநாள் தம் அணியின் பெயர்ப்பட்டியலைத் தாமே கொண்டுவந்து ஜாய்ஸிடம் அளித்தார். ஜாய்ஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு மாறவில்லை, ஆயினும் இருவரின் பெருமையும் உயர்ந்தது. 2014ஆம் ஆண்டுமுதல் அந்நாட்டின் உயர்நிலைப் போட்டிகளில் இத்தகைய தீர்ப்புகளைப் படக்கருவி கொண்டு மறுஆய்வு செய்கின்றனர்.

நம் கடமை

நம் சுங்கை பினாங் சிறுவர் ஆடும் திடலில் அத்தகைய கருவி ஏது? நடுவரின் கண்ணும் காதுமே கருவிகள். பெற்றோர்களே! தளத்தருகே நாம் எழுப்பும் கூச்சல், கையுறையில் பந்து விழும் ஓசையை மறைத்துவிடும். பந்து வந்து சேரும்வரை அமைதி காப்போம். அதன்பின் மனமாரக் கைதட்டுவோம்.

மாணவர்களே! இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் தளத்தை நோக்கி ஓடட்டும். ஒருவர் பந்தெறிய, மற்றொருவர் தளத்தில் நின்று பிடிக்கட்டும். ஒருவர் பந்து வரும் நேர்கோட்டிலும், இன்னொருவர் பக்கவாட்டிலும் நின்று தீர்ப்புக் கூறுங்கள். பின்னர் இடம் மாறி நில்லுங்கள். இருவர் கண்டதும் ஒன்றாக இராத வேளைகளைக் காண்பீர்கள்.

திருக்குறளில் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. நடுவு நிலைமை மனத்தில் தொடங்குகின்றது. திடலிலோ, கால் ஊன்றும் இடத்தையும் அது சார்ந்திருக்கின்றது. பிறர்மீது தீர்ப்புக் கூறுமுன், நாம் நிற்கும் இடத்திலிருந்து முழுமையும் தெரிகின்றதா என்று பார்த்துக்கொள்வோமாக!