குறைந்த செலவில் வீட்டுத் திரையரங்கு: ரிசீவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சரவுண்ட் ரிசீவர் என்பது டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றின் ஒலியைத் தனித்தனிச் சேனல்களாகப் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி. பெங்களூரு அடுக்ககங்களின் ஹாலுக்கு 5.1 வகையே போதும்: முன்னால் மூன்று ஸ்பீக்கர்கள், பக்கவாட்டிலோ பின்னாலோ இரண்டு, அடியொலிக்கு ஒரு சப்வூஃபர்.

யமஹா ஆர்எக்ஸ்-வி385 போன்ற தொடக்கநிலை மாடலிலேயே நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடுகள் உண்டு. கூடவே வரும் மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரின் தொலைவையும் ஒலியளவையும் ரிசீவரே அளந்து சரிசெய்துகொள்ளும்.

வாட் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எத்தனை சேனல்களை இயக்கி அளந்தது என்றும் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் ஓம் அளவு ரிசீவருக்குப் பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் வயரும் பிளக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். ரிசீவர் சூடாகும் என்பதால், மேலே காற்றோட்டத்துக்கு இடம் விடுவது அவசியம்.