தம்பி அமெரிக்காவுல, லோன்ல உங்க கையெழுத்து: தேங்க்ஸ்கிவிங் லீவுல பேச வேண்டிய ஒரு மணி நேரம்



உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்பை ஒரு தடவை திறந்து மேல போய் பாருங்க. அம்மா "சாப்டியா கண்ணு?"னு கேட்டிருப்பாங்க. அங்கேர்ந்து "ம், சாப்டேன்மா"னு ஒரு வரி வந்திருக்கும். அப்பா ஒரு குட்மார்னிங் படம் போட்டிருப்பார், அதுக்கு ஒரு தம்ஸ்அப். ஆகஸ்ட்ல தம்பியை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்ததுலேர்ந்து இதே கதைதான்.

இதுல எங்கேயாவது ஒரு நம்பர் இருக்கா? அவன் கணக்குல இப்ப எத்தனை டாலர் இருக்கு, அடுத்த செமஸ்டர் ஃபீஸ் எப்ப கட்டணும், வாடகையில அவன் பங்கு எவ்வளவு? எதுவும் இருக்காது. ஆனா அந்த எஜுகேஷன் லோன் பேப்பர்ல கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்து போட்டது நீங்க. அப்பா ரிட்டயர் ஆகப்போறாரு, உங்க சேலரி ஸ்லிப் இருந்தா பேங்க் சீக்கிரம் தரும்னு சொன்னாங்க, நீங்களும் போட்டீங்க.

தம்பியோ தங்கச்சியோ அமெரிக்காவுல எம்.எஸ். படிக்க, இங்க மாசச் சம்பளத்துல குடும்பத்தைத் தாங்கிட்டு இருக்கிற அக்கா, அண்ணன்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் தேங்க்ஸ்கிவிங்?

நவம்பர் மாசத்தோட நாலாவது வியாழக்கிழமைதான் தேங்க்ஸ்கிவிங். 1863-ல ஆபிரகாம் லிங்கன் அறிவிச்சார், 1941-ல அமெரிக்கக் காங்கிரஸ் நாலாவது வியாழன்னு சட்டமாவே போட்டுச்சு. 2025-ல நவம்பர் 27, 2026-ல நவம்பர் 26. நம்ம பொங்கல் மாதிரி, எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்பிடுவாங்க. அதனால கேம்பஸ் காலியாகிடும். பல காலேஜ்ல மெஸ்ஸை மூடிடுவாங்க, கேம்பஸ் பஸ்ஸும் சரியா ஓடாது. வியாழக்கிழமை பெரும்பாலான கடைகளும் திறக்காது.

உங்க தம்பி எங்கேயும் போகமாட்டான். ரூம்ல இருப்பான். தீபாவளி அன்னைக்குக்கூட கிளாஸ், அசைன்மென்ட்னு ஓடியிருப்பான். ஊரே அமைதியான இந்த நாலு நாள்லதான் வீட்டு ஞாபகம் அதிகமா வரும். உட்கார்ந்து நிதானமா பேச நேரம் இருக்கிறதும் அப்போதான்.

பணக் கணக்குலயும் இது முக்கியமான வாரம். பல காலேஜ்ல அந்த வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ஆஃபீஸ் லீவு. அடுத்த திங்கள் திறந்தா, டிசம்பர் 20 வாக்குல கிறிஸ்துமஸ் லீவு ஆரம்பிச்சுடும். ஸ்பிரிங் செமஸ்டர் ஃபீஸ் பொதுவா ஜனவரியில கட்டணும். பேங்க்ல அடுத்த தவணையை ரிலீஸ் பண்ண ஃபீஸ் இன்வாய்ஸ், மார்க்‌ஷீட்னு கேப்பாங்க. ஆக, ரெண்டு பக்கமும் ஆஃபீஸ் திறந்திருக்கிற மூணு வாரத்துக்குள்ள இந்த வேலை முடியணும். ஜனவரியில ஓடினா லேட் ஃபீ வரலாம், கோர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷனையே நிறுத்தி வைக்கலாம்.

முதல்ல நேரத்தைப் பிடிங்க

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைப்பாங்க. அதுவரைக்கும் பேசின நேரம் அப்புறம் ஒத்துவராது. "முன்ன மாதிரி எடுக்கவே மாட்டேங்கிறான்"னு அம்மா வருத்தப்படறதுக்கு சில நேரம் இதுதான் காரணம்.

நம்ம சனிக்கிழமை காலை 8 மணியை வெச்சுக்கோங்க. அப்போ நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வெள்ளி இரவு 9.30. டெக்சாஸ்ல டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் 8.30. கலிஃபோர்னியாவுல மாலை 6.30. அரிசோனாவுல பெரும்பாலும் கடிகாரத்தை மாத்தறதே இல்லை, அங்க 7.30. அப்பா, அம்மா, நீங்க மூணு பேரும் வீட்ல இருக்கிற நேரம், அவனும் தூங்காத நேரம். ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

தள்ளிப் போடாதீங்க. தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சதும் ஒண்ணு ரெண்டு வாரத்துல ஃபைனல் எக்ஸாம் வந்துடும். அப்ப போய் பணப் பேச்சு எடுத்தா படிப்பும் கெடும், பேச்சும் சண்டையில முடியும்.

அவன்கிட்ட கேட்க வேண்டிய நாலு கேள்வி

1. கணக்குல இப்ப எவ்வளவு இருக்கு, எத்தனை மாசம் தாங்கும்?

"செலவுக்கு இருக்கா?"னு கேட்டா "இருக்கு"ன்னுதான் பதில் வரும். நம்பராவே கேளுங்க. எஃப்-1 விசாவுல படிக்கிறவங்க செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ்குள்ள வாரம் 20 மணி நேரம் வரைக்கும்தான் வேலை பார்க்கலாம். மணிக்கு 12 டாலர்னு வெச்சா வாரம் 240 டாலர். அவன் வேலை பார்க்கிற கேம்பஸ் கஃபே லீவுக்கு மூடினா அந்த வாரம் அது வராது. டிசம்பர், ஜனவரி லீவுல இன்னும் சில வாரம் போகும். ஆனா வாடகை மட்டும் நிக்காது. இந்த ஓட்டையை நவம்பர்லயே பார்த்துட்டா சின்னத் தொகையில அடைச்சிடலாம். பார்க்கலைன்னா அது கிரெடிட் கார்டுல போய் உட்காரும்.

2. வேலை எங்க பார்க்கிற?

இதைக் கண்டிப்பா மென்மையா கேளுங்க. நம்ம வீட்லேர்ந்தே "எல்லாரும் பார்ட் டைம் பார்க்கிறாங்களாமே, நீயும் பாரேன்"னு சொல்லிடுவோம். முதல் வருஷ மாணவன் கேம்பஸுக்கு வெளியில பெட்ரோல் பங்க்லயோ ஹோட்டல்லயோ கைக்காசுக்கு வேலை பார்த்தா அது விசா விதிமீறல். மாட்டினா படிப்பே பாதியில நிக்கலாம். லோன் மட்டும் முழுசா நிக்கும். மாசம் முந்நூறு நாநூறு டாலருக்காக இருபது லட்சத்தைப் பணயம் வைக்கிற விளையாட்டு அது. "கஷ்டமா இருந்தா சொல்லு, பார்த்துக்கலாம், வெளியில மட்டும் போகாதே"னு வீட்ல ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லணும். அந்த ஒருத்தர் நீங்களா இருங்க.

3. ஏதாவது கோர்ஸ் கஷ்டமா போகுதா?

வீட்டுக்கு சொல்லாம மறைக்கிற முதல் விஷயம் இதுதான். காலேஜுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டா சொல்லமாட்டாங்க. 1974-லேர்ந்து ஃபெர்பானு ஒரு சட்டம் அங்க இருக்கு. காலேஜ்ல சேர்ந்துட்டா மார்க், ஃபீஸ் விவரம் எல்லாம் மாணவனோட உரிமை. ஃபீஸ் கட்டறது அப்பாவா இருந்தாலும் அவன் எழுத்துல சம்மதம் கொடுத்தாதான் பொதுவா அவர்கிட்ட பேசுவாங்க.

கோர்ஸ் பாதியில விட்டா அந்த ஃபீஸ் போகும், திரும்ப எடுக்க இன்னொரு ஃபீஸ். அதைவிட முக்கியம், விசாவுக்கு முழு அளவு கோர்ஸ் எடுத்திருக்கணும். இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆஃபீஸ்ல கேக்காம குறைச்சா சிக்கல். "விட்டுடலாமானு தோணுது"னு அவன் சொன்னா திட்டாதீங்க. "முதல்ல அந்த ஆஃபீஸ்ல பேசிட்டு முடிவெடு"னு மட்டும் சொல்லுங்க.

4. ஃபீஸ் பில்லை நாங்களும் பார்க்க முடியுமா?

பல காலேஜ்ல ஃபீஸ் போர்ட்டல்ல குடும்பத்துல ஒருத்தரை அவனே சேர்க்கலாம். பில், கடைசித் தேதி, பாக்கி மூணும் உங்களுக்கும் தெரியும், மார்க் தெரியாது. கேக்கும்போதே "உன்னை வேவு பார்க்க இல்லடா, பேங்க் வேலையை நான் பார்த்துக்கத்தான்"னு சொல்லிடுங்க. அவனும் நிம்மதியாதான் கொடுப்பான்.

நீங்க அவன்கிட்ட சொல்ல வேண்டியது

மறைக்கிறது அவன் மட்டும் இல்ல, நாமும்தான். அப்பாவுக்கு பி.பி. ஏறினது, நகையை அடகு வெச்சது, உங்க கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளினது, எல்லாத்தையும் "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு"ன்னு மறைப்போம். கடைசியில வேற யாரோ உறவுக்காரங்க மூலமா அவனுக்குத் தெரியவரும். அதுக்கப்புறம் நாம "எல்லாம் நல்லா இருக்கு"னு சொல்றதை அவன் நம்பமாட்டான். அவன் சொல்றதையும் நாம நம்பமாட்டோம்.

கஷ்டத்தைக் கொட்டச் சொல்லலை. கணக்கைச் சொல்லுங்க. உதாரணத்துக்கு 20 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, முழுத் தொகையும் ரிலீஸ் ஆயிடுச்சுனு வெச்சுக்குவோம். வருஷ வட்டி 2,20,000 ரூபாய். மாசம் 18,333. படிக்கிற காலத்துல இ.எம்.ஐ. கிடையாதுனு நிம்மதியா இருப்போம், ஆனா வட்டி ஓடிட்டேதான் இருக்கும். "இதுல மாசம் 10,000 நான் இப்பவே கட்டறேன், மீதி நீ வேலைக்குப் போனதும் உன் பொறுப்பு"னு தெளிவா பேசிடுங்க. யார் எவ்வளவு சுமக்கிறோம்னு இன்னைக்கே பேசிட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு "உனக்காக நான்"ங்கிற பேச்சு வராது.

இன்னொண்ணும் சொல்லுங்க. இந்த லோன் உங்க சிபில்லயும் நிக்குது. நாளைக்கு நீங்க வீட்டு லோனுக்குப் போனா பேங்க் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். ஒரு தவணை தவறினா ரெண்டு பேர் ஸ்கோரும் அடிவாங்கும். இது அவனுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

சம்பளக்காரர் கவனிக்க வேண்டிய மூணு வரி விஷயம்

வட்டிக் கழிவு: எஜுகேஷன் லோன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டுனு கேள்விப்பட்டிருப்பீங்க. அது பழைய வரி முறையில மட்டும். அதுலயும் தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைக்கு, சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு வாங்கின லோனா இருக்கணும். தம்பி, தங்கச்சி இந்தப் பட்டியல்ல இல்ல! நீங்க கட்டற வட்டிக்கு உங்களுக்குக் கழிவு கிடைக்காது. லோன் அப்பா பேர்லயும் இருந்து, அவர் தன் வருமானத்துலேர்ந்து கட்டினா அவருக்குக் கிடைக்கும். யார் கணக்குலேர்ந்து வட்டி போகணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

டி.சி.எஸ்.: 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது ஒரு நிதியாண்டுல ஒரு ஆளுக்கு 10 லட்சம் வரைக்கும் டி.சி.எஸ். பிடிக்கறதில்ல. பேங்க் எஜுகேஷன் லோன்லேர்ந்து படிப்புக்குப் போற பணத்துக்கு எவ்வளவு போனாலும் டி.சி.எஸ். இல்ல. சொந்தச் சேமிப்புலேர்ந்து 13 லட்சம் அனுப்பினா, 10 லட்சத்துக்கு மேல இருக்கிற 3 லட்சத்துக்கு 2025-26 நிதியாண்டு விகிதமான 5 சதவீதப்படி 15,000 பிடிப்பாங்க. அப்பா பாதி, நீங்க பாதி அனுப்பினா ரெண்டு பேரும் அவங்கவங்க வரம்புக்குள்ளயே இருப்பீங்க. பட்ஜெட்ல விகிதம் மாறும், அனுப்புற வருஷத்துக்கானதை பேங்க்ல கேட்டுக்கோங்க. அனுப்பும்போது காரணம் "படிப்பு"ன்னு சரியா போடுங்க.

பிடிச்ச பணம் திரும்ப வரும்: டி.சி.எஸ். நஷ்டம் இல்ல. உங்க பான்ல ஏறும், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். 2024 அக்டோபர்ல 12பிஏஏ-னு ஒரு ஃபார்ம் வந்துச்சு. பிடிச்ச டி.சி.எஸ். விவரத்தை கம்பெனிக்குத் தெரிவிச்சா சம்பளத்துல பிடிக்கிற டி.டி.எஸ்ஸையே குறைச்சுப்பாங்க. ஹெச்.ஆர். கிட்ட கேளுங்க.

ஒரு சின்னக் குறிப்பு: தேங்க்ஸ்கிவிங் வியாழன் அமெரிக்க பேங்க்குக்கும் லீவு. அவசரமா போய்ச் சேர வேண்டிய பணத்தை திங்கட்கிழமையே அனுப்பிடுங்க.

ஃபோன் எடுக்கலைன்னா?

இதை எழுதவே மனசு வரலை, ஆனா எழுதணும். ரெண்டு நாளா பதில் இல்லைனா வீட்ல யாருக்கும் தூக்கம் வராது. அதனால இந்த கால்லயே ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கோங்க: வீட்டு முகவரி, ரூம்மேட் நம்பர், காலேஜ் ஐடி நம்பர், இன்டர்நேஷனல் ஆஃபீஸ் நம்பர், இன்ஷூரன்ஸ் கார்டு படம், பாஸ்போர்ட், ஐ-20 நகல், கேம்பஸ் போலீஸோட சாதாரண நம்பர்.

கடைசியா சொன்னது முக்கியம். இங்கேர்ந்தே கேம்பஸ் போலீஸுக்கு ஃபோன் பண்ணி "என் தம்பி நல்லா இருக்கானானு போய் பார்த்துச் சொல்லுங்க"னு கேக்கலாம். அங்க அது சாதாரணமா நடக்கிற விஷயம். அவனுக்கும் ரெண்டு நம்பர் ஞாபகப்படுத்துங்க: அவசரத்துக்கு 911, மனசு ரொம்ப உடைஞ்சு போனா 988. 988-க்கு ஃபோனும் பண்ணலாம், மெசேஜும் அனுப்பலாம்.

கடைசியா

ஒரு மணி நேரத்துல முதல் பத்து நிமிஷம் பணம் பேசாதீங்க. அம்மா ரசம் வைக்கச் சொல்லித்தரட்டும், அப்பா ஊர்ல மழை எப்படினு சொல்லட்டும். அப்புறம் நம்பரை எடுங்க. முடிக்கும்போது யார் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ளனு மூணே வரி குரூப்ல போட்டுடுங்க. அடுத்த கால் எப்பனும் அதுலயே எழுதிடுங்க.

அந்த வாரம் அவன் ரூம்ல தனியா இருப்பான். பக்கத்து வீட்லயெல்லாம் குடும்பமா உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருப்பாங்க. பணத்தைப் பத்தி பேசத்தான் கூப்பிட்டீங்கனாலும், நம்மளும் ஒரு குடும்பமா உட்கார்ந்திருக்கோம்னு அவனுக்குத் தோணும்.

காலெண்டரைத் திறந்து அந்த சனிக்கிழமை காலை 8 மணியை இப்பவே குறிச்சு வெச்சுக்கோங்க. லோன் வட்டியை இப்பவே கட்டலாமா, தள்ளலாமாங்கிற கணக்கை நம்ம சேனல்ல தனி வீடியோவா பார்ப்போம்.